நம் ஊர் நிலத்துக்கு ஒரு கணக்கு நோட்டு எழுதும் முறை

என் தந்தையார் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் கிராணிக்கு, அதாவது தோட்ட எழுத்தருக்கு, உதவியாளராக இருந்தார். நாள்தோறும் காலை 7 மணிக்கு, அலுவலகத்தின் முன்னிருந்த புல்தரையில் பதித்திருந்த செம்பு மழைமானியைத் தூக்கி, அதிலிருந்த நீரைக் கண்ணாடி அளவுக்குழலில் ஊற்றி, கண்மட்டத்துக்கு உயர்த்திப் படித்து, தடித்த பதிவேடு ஒன்றில் எழுதுவார். பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன். மழையே இல்லாத ஒரு காலையில், "இன்னிக்கு எழுத ஒண்ணும் இல்லையேப்பா" என்றேன். "சைபர்னு எழுதணும்ய்யா. எழுதாம விட்டா, மழை வரலையா, இல்லே நான் வரலையான்னு பின்னால பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

பின்னாளில் அந்தத் தோட்டம் கைமாறியது. அலுவலகத்தைக் காலி செய்ய வந்தவர்கள் பழைய பதிவேடுகளையெல்லாம் மற்றக் குப்பையோடு சேர்த்து எரித்துவிட்டார்கள். ஏறக்குறைய நாற்பது ஆண்டு மழை ஒரு பிற்பகலில் சாம்பலாயிற்று. அந்த வருத்தம் இன்னும் எனக்குத் தீரவில்லை. அதனால்தான், தோட்டப்புற நகரங்களில் வாழும் நம்மவர்கள் தங்கள் ஊரின் கல், மண், மழை, ஆறு, மின்சாரம் ஆகியவற்றைத் தாங்களே அளந்து எழுதிவைப்பதற்கான முறையை இங்கே விளக்குகிறேன். பெற்றோர் பிள்ளைகளோடு சேர்ந்து செய்யலாம். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் மாணவர் குழுவை வைத்துச் செய்யலாம். செலவு மிகக் குறைவு. பொறுமைதான் அதிகம் தேவைப்படும்.

முதலில் தடித்த அட்டை போட்ட நோட்டு ஒன்றை வாங்கி, ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பத்திகள் வருமாறு கோடு போட்டுக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் பொருளின் பெயர் வரும். இரண்டாவதில் அது உருவாக நிலம் எடுத்துக்கொண்ட காலம் வரும். மூன்றாவதில் நாம் அதைச் செலவழிக்கும் வேகம் வரும். 1987இல் புருண்ட்லாண்ட் தலைமையிலான ஐக்கிய நாட்டு ஆணையம், வருங்காலத் தலைமுறை தன் தேவையை நிறைவு செய்துகொள்ளும் திறனைக் கெடுக்காமல் இன்றைய தேவையை நிறைவு செய்வதே நிலைத்த மேம்பாடு என்று வரையறுத்தது. அந்த வரையறை நம் ஊரில் எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்பதை இரண்டாம் பத்தியையும் மூன்றாம் பத்தியையும் ஒப்பிட்டாலே கண்டுகொள்ளலாம். சூரிய ஒளி புறப்பட்டு நம்மை வந்தடைய எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகிறது. கடலிலிருந்து ஆவியாகி எழும் நீர், சராசரியாக ஒன்பது, பத்து நாள்களில் மழையாகத் திரும்பிவிடுகிறது. எண்ணெய் தரும் செம்பனை மரம் ஏறத்தாழ 25 ஆண்டு பலன் தந்தபின் வெட்டப்பட்டு, மறுநடவு நடக்கிறது. வெள்ளீயத்துக்கும் நிலக்கரிக்கும் ஆன காலம் கோடி ஆண்டுக் கணக்கில் வருகிறது. இவை எல்லாவற்றையும் "இயற்கை வளம்" என்ற ஒரே சொல்லால் குறித்துவிட்டு, ஒரே விதமாகச் செலவழிப்பதில்தான் நம்முடைய தவறு தொடங்குகிறது.

கல்லிலிருந்து தொடங்குதல்

சுங்கை சிப்புட்டில் கிழக்கே பார்த்து நின்றால் தெரியும் நீல மலைத்தொடர் தித்திவங்சா. அதன் உடல் பெரும்பாலும் கருங்கல், அதாவது கிரானைட். சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, நிலத்துக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் உருகிய பாறைக்குழம்பு மெதுவாக ஆறி இறுகியதால் அது உண்டாயிற்று. ஈப்போவை நோக்கிச் செல்லும் சாலையில் கந்தான் பக்கம் வரும்போது, தரையிலிருந்து சுவர்போல் எழும்பி நிற்கும் வெள்ளைக் குன்றுகள் சுண்ணாம்புக்கல்லால் ஆனவை. இவை கருங்கல்லைவிடப் பழையவை. நம் பள்ளத்தாக்கு வெப்பக் கடலாக இருந்த காலத்தில், ஓடுள்ள உயிரினங்களின் எச்சம் அடுக்கடுக்காகப் படிந்து கல்லானது. ஈப்போ குனோங் சீரோவில் உள்ள கல்லுமலைக் கோயிலுக்குத் தைப்பூசத்தன்று போகிறவர்கள், கையெடுத்துக் கும்பிட்ட பிறகு அந்தப் பாறையையும் ஒரு முறை தொட்டுப் பார்க்க வேண்டும். தொடுவது ஒரு பழைய கடலின் அடித்தரை.

இந்த இரண்டு கற்களையும் பிரித்தறியச் சமையலறைப் புளிக்காடியே, அதாவது வினிகரே போதும். சாலையோரத்தில் விழுந்து கிடக்கும் சிறு துண்டு ஒன்றை எடுத்து, ஆணியால் கீறித் தூள் உண்டாக்கி, அந்தத் தூளின்மேல் இரண்டு சொட்டு விடுங்கள். சுண்ணாம்புக்கல்லாக இருந்தால் மிகச் சிறிய குமிழிகள் எழும். காதருகே வைத்தால் மெல்லிய இரைச்சல்கூடக் கேட்கும். வெளிவருவது கரியமில வாயு. கருங்கல்லில் ஒன்றும் நடக்காது. அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், கண்ணாடிச் சில்லுபோன்ற குவார்ட்சும், பால் வெள்ளையான பெல்ட்ஸ்பாரும், கறுப்புத் தகடாக மின்னும் மைக்காவும் தனித்தனியே தெரியும். மலையடிவாரச் செங்குத்தான பாறை முகத்தின் கீழே நின்றுகொண்டு இதைச் செய்யக் கூடாது. குனோங் சீரோவில் 1973இல் பாறை சரிந்து ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். சுண்ணாம்புக் குன்றின் அடிப்பகுதியை நிலத்தடி நீர் அரித்துக்கொண்டே இருக்கும் என்பதைக் குன்றருகே வீடு கட்டுகிறவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

வினிகர் சோதனையில் எழுந்த அந்தக் குமிழிகளுக்கும் நாம் வீடு கட்டும் சிமெண்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. சிமெண்டு ஆலையில் சுண்ணாம்புக்கல்லைச் சூடாக்கும்போது, 100 கிலோ தூய கல்லிலிருந்து 56 கிலோ சுண்ணாம்பு கிடைக்கிறது. மீதி 44 கிலோவும் கரியமில வாயுவாக வானத்துக்குப் போய்விடுகிறது. சூளையை எரிப்பதற்கான எரிபொருளின் புகை இதில் சேராது. கடல் உயிரினங்கள் கோடிக்கணக்கான ஆண்டுகள் உழைத்துக் கல்லுக்குள் பூட்டிவைத்த கரியை நாம் ஒரு சூளையில் திறந்துவிடுகிறோம். குன்றோடு சேர்ந்து வேறொன்றும் போகிறது. நத்தைகளுக்கு ஓடு கட்டச் சுண்ணாம்பு தேவைப்படுவதால், பல சுண்ணாம்புக் குன்றுகளில் வேறெங்கும் இல்லாத சிறு நத்தை வகைகள் வாழ்கின்றன. பகாங்கில் புக்கிட் பாஞ்சிங் என்ற குன்றை முழுவதும் வெட்டியெடுத்தபோது, அங்கே மட்டுமே இருந்த ஒரு நத்தையினம் உலகிலிருந்தே அற்றுப்போனது. மலாய் மொழியில் நத்தைக்குரிய சொல்லான சிப்புட்டைப் பெயரில் தாங்கிய ஊர்க்காரர்கள் இதை நோட்டில் எழுதிவைக்கத் தவறக் கூடாது.

ஈயக் குட்டையைப் படித்தல்

ஈயம் தோண்டிய பள்ளத்தில் நீர் தேங்கி நிற்கும் ஈயக் குட்டையைப் பேராக்கில் பிறந்த எவருக்கும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆனால் ஈயம், அதாவது வெள்ளீயம், அங்கே எப்படி வந்தது என்று கேட்டால் பலருக்கும் சொல்லத் தெரிவதில்லை. கருங்கல் குழம்பு சுண்ணாம்புக்கல்லின் அருகே ஆறி இறுகும்போது, அதிலிருந்து பிரிந்த வெந்நீர்க் கரைசல்கள் பாறை இடுக்குகளில் புகுந்து, வெள்ளீயத் தாதுவான கேசிட்டரைட்டைப் படியவைத்தன. பிறகு மழையும் வெயிலும் அந்தப் பாறையைக் கரைத்துப் பொடியாக்கின. குவார்ட்ஸ் மணலின் அடர்த்தி நீரைப்போல் சுமார் 2.65 மடங்கு, கேசிட்டரைட்டின் அடர்த்தி ஏறத்தாழ 7 மடங்கு. ஆறு மணலை அடித்துக்கொண்டு போக, கனமான ஈயத்தாது பின்தங்கி, சுண்ணாம்புப் பாறையின் மேடுபள்ளங்களில் சிக்கிக் குவிந்தது. ஈப்போவைச் சூழ்ந்த கிந்தாப் பள்ளத்தாக்கின் செல்வம் முழுவதும் இந்த எடை வேறுபாட்டிலிருந்து பிறந்தது.

இதை உங்கள் கையிலேயே பார்க்கலாம். ஆழமில்லாத, ஓட்டம் மெதுவான ஆற்றங்கரையில் ஒரு கை மணலை அகன்ற தட்டில் எடுத்து, நீர்விட்டு, முறத்தில் அரிசி புடைப்பதுபோல் மெல்லச் சுழற்றுங்கள். வெளிர் மணல் விளிம்பு வழியே வழிந்துபோகும். தட்டின் நடுவில் கறுப்புக் கோடு ஒன்று தங்கும். அதைக் காயவைத்து, காகிதத்தின்மேல் பரப்பி, காகிதத்தின் அடியில் காந்தத்தை நகர்த்தினால், ஓடிவந்து ஒட்டுவது மேக்னடைட். அசையாமல் கிடக்கும் கனமான துகள்களில் ஈயத்தாதும் இருக்கக்கூடும். பார்த்து முடிந்ததும் அத்தனையையும் ஆற்றிலேயே கொட்டிவிட வேண்டும். டூலாங் என்னும் அகன்ற தட்டில் ஈயம் அலசி விற்பதற்கு உரிமம் வேண்டும் என்பது நம் பாட்டிமார் காலத்துச் சட்டம். பழைய ஈயக் குட்டைகளின் கரைக்கு மட்டும் பிள்ளைகளை அழைத்துப் போகாதீர்கள். கரை உறுதியாகத் தெரிந்தாலும் அடியில் சேறு இளகியே இருக்கும்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலக வெள்ளீயத்தில் ஏறத்தாழ பாதி மலாயாவிலிருந்து போயிற்று. 1985 அக்டோபரில் அனைத்துலக வெள்ளீய மன்றம் கடனில் மூழ்கி, விலை சரிந்தபோது, கிந்தாவின் சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. 1938இல் கட்டப்பட்ட டி.டி.5 என்ற, ஈயம் தோண்டும் மிதவைக் கப்பல் தஞ்சோங் துவாலாங்கில் இன்றும் காட்சிக்காக நிற்கிறது. ஒரு முறையாவது பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள். நோட்டில் வெள்ளீயத்துக்கு நேரே இரண்டாம் பத்தியில் 20 கோடி ஆண்டு என்றும், மூன்றாம் பத்தியில் சுமார் ஒரு நூற்றாண்டு என்றும் எழுதும்போது, நூறு சொற்பொழிவு சொல்லாததை அந்த இரண்டு எண்கள் சொல்லிவிடும்.

ஈயம் பிரித்தபின் மிஞ்சும் கனமான கறுப்பு மணலை நம் வட்டாரத்தில் அமாங் என்பார்கள். அதில் மோனசைட் என்ற தாது இருக்கிறது. மோனசைட்டில் அரிய மண் தனிமங்களோடு கதிரியக்கம் உள்ள தோரியமும் சேர்ந்தே இருக்கும். 1980களில் ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேராவில் இதைப் பதப்படுத்திய ஆலையின் கழிவை எதிர்த்து ஊர் மக்கள் 1985இல் நீதிமன்றம் சென்றார்கள். ஆலை 1994இல் மூடப்பட்டது. மின்வாகனத்துக்கும் காற்றாலைக்கும் வலுவான காந்தம் செய்ய இன்று அதே தனிமங்களைத்தான் உலகம் தேடுகிறது. பேராக்கின் வடக்கே, மக்கிய கருங்கல் களிமண்ணில் ஒட்டியிருக்கும் அரிய மண்ணை உப்புக் கரைசல் பாய்ச்சிப் பிரித்தெடுக்கும் முன்னோடித் திட்டம் கெனெரிங்கில் நடந்திருக்கிறது. தூய எரிசக்திக்கும் ஒரு சுரங்கம் உண்டு; அந்தச் சுரங்கத்துக்குக் கீழே ஓர் ஆறு உண்டு. இரண்டையும் ஒரே வரியில் எழுதிப் பழகுங்கள்.

மண்ணை மைலோ டின்னில் அளத்தல்

தோட்டத்துச் செம்மண்ணைப் பார்த்து, நல்ல வளமான மண் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வதுண்டு. அது தவறு. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் நாட்டில், கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் போன்ற சத்துகள் கரைந்து ஆற்றோடு போய்விடுகின்றன. கரையாத இரும்பும் அலுமினியமும் பின்தங்குகின்றன; இரும்பு மண்ணைச் சிவப்பாக்குகிறது. அந்தச் சிவப்பு, துருவின் நிறம். காட்டில் சத்து மண்ணில் இருப்பதைவிட மரத்திலும் சருகிலும்தான் மிகுதியாக இருக்கிறது. காட்டை அழித்து, சருகை எரித்துவிட்டால், மிஞ்சுவது வெறும் துருவும் களிமண்ணுமே.

மண்ணின் உடலமைப்பை அறியச் சோதனை ஒன்று உண்டு. நேரான கண்ணாடிச் சீசாவில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும், மீதி நீரும், ஒரு சிட்டிகை சோப்புத் தூளும் இட்டு, ஐந்து நிமிடம் குலுக்கி, சமதளத்தில் வையுங்கள். ஒரு நிமிடத்தில் படிவது மணல். அந்த மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். இரண்டு மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல். களிமண் படிய ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். மூன்று அடுக்கின் உயரத்தையும் அளந்து, மொத்த உயரத்தால் வகுத்து, விழுக்காடாக எழுதுங்கள். மேட்டுத் தோட்டத்து மண்ணையும், ஆற்றோர மண்ணையும், வீட்டுக் கொல்லை மண்ணையும் பக்கத்துப் பக்கத்துச் சீசாவில் வைத்துப் பார்த்தால், பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, மேட்டிலும் நெல்லைத் தாழ்நிலத்திலும் ஏன் வைத்தார்கள் என்பது விளங்கும்.

அடுத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த சோதனை. மைலோ பானத்தூள் டின் ஒன்றின் அடியையும் வெட்டி எடுத்துவிட்டு, இரு பக்கமும் திறந்த அந்த உருளையை மரக்கட்டை வைத்துத் தட்டி, ஐந்து சென்டிமீட்டர் ஆழம் மண்ணில் இறக்குங்கள். வெட்டிய விளிம்பு கத்திபோல் இருக்கும். பெரியவர் ஒருவரே, கையுறை அணிந்துகொண்டு இதைச் செய்ய வேண்டும். உள்ளே ஒரு ஸ்கேலை நிறுத்தி, நீரை ஊற்றி, மட்டம் இரண்டரை சென்டிமீட்டர் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரம் பாருங்கள். செம்பனை மரங்களுக்கிடையே லோரியும் டிராக்டரும் ஓடி இறுகிய தடத்திலும், கொடிப்பயிர் மூடிய நிலத்திலும், பழைய மாமரத்தின் அடியிலும் தனித்தனியே செய்யுங்கள். சென்ற ஆண்டு நான் மாணவர்களோடு செய்தபோது, மாமரத்தடியில் நாங்கள் ஸ்கேலைச் சரிசெய்து முடிப்பதற்குள் நீர் மண்ணுக்குள் போய்விட்டது. டிராக்டர் தடத்தில் ஊற்றிய நீர், நாங்கள் கொண்டுபோன நாசி லெமாவைச் சாப்பிட்டு முடித்துத் திரும்பி வந்தபோதும் அப்படியே கலங்கி நின்றது. அந்த மண் குடிக்க மறுத்த நீர்தான் மழைக்காலத்தில் நம் கம்பத்துக்குள், அதாவது கிராமத்துக்குள், வெள்ளமாக நுழைகிறது.

மழையும் ஆறும்

மழை அளக்கச் செம்பு மழைமானி தேவையில்லை. வாய் முதல் அடி வரை ஒரே அகலமுள்ள டின் போதும். தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், சாயாதபடி, திறந்த வெளியில் வையுங்கள். அருகிலுள்ள மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரு மடங்கு தூரம் தள்ளி இருக்க வேண்டும். நாள்தோறும் ஒரே நேரத்தில் ஸ்கேலை இறக்கி ஆழத்தைப் பார்த்து, ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து மில்லிமீட்டர் என்று எழுதி, நீரைக் கொட்டிவிடுங்கள். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால், ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் நீர் விழுந்தது என்று பொருள். ஆறு மீட்டருக்கு எட்டு மீட்டர் அளவுள்ள லயத்து வீட்டுக் கூரையில், பிற்பகல் இடியோடு 25 மில்லிமீட்டர் பெய்தால், 1,200 லிட்டர் நீர் அந்த ஒரு கூரையிலிருந்து வடிகிறது. அதில் தோட்டத்துக்கும் கழுவுவதற்கும் எவ்வளவு பிடிக்கலாம் என்பதை அவரவர் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

நம் மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும், பருவக்காற்று மாறும் இடைவெளியில், மழை மிகுதி. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகள் அந்த ஒழுங்கைக் குலைத்துவிடும். 1998இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் மாதக்கணக்கில் தண்ணீரைப் பங்கிட்டுக் கொடுக்க நேர்ந்தது. இரண்டு, மூன்று ஆண்டு மழைப்பதிவு கையில் இருந்தால், எந்த மாதம் வழக்கத்துக்கு மாறானது என்பதைச் செய்தி வருமுன்பே நீங்கள் அறிந்திருப்பீர்கள்.

கனமழை பெய்த மறுநாள், தித்திவங்சாவிலிருந்து இறங்கிவரும் பிளஸ் ஆற்றில் ஒரு லிட்டர் நீர் எடுத்து, தெளிவான புட்டியில் அசையாமல் வையுங்கள். மழையில்லாத வாரத்து நீரை இன்னொரு புட்டியில் வையுங்கள். இரண்டு நாள் கழித்து அடியில் படிந்த மண்ணின் உயரத்தை ஒப்பிடுங்கள். மேலே எங்காவது மறுநடவுக்காகவோ வீடமைப்புக்காகவோ நிலத்தைத் திறந்திருந்தால், அந்தப் படிவு உங்களிடம் சொல்லிவிடும். பாலம் ஒன்றின்மேல் நின்று, கயிறு கட்டிய வாளியால் நீர் எடுப்பதே பாதுகாப்பானது. ஆறு பெருகியிருக்கும்போது கரையிறங்கக் கூடாது. 1996 ஆகஸ்டில் கம்பாருக்கு அருகே போஸ் டிப்பாங்கில், ஒரே மாலையில் மரமும் சேறுமாக வந்த வெள்ளம் 44 உயிர்களைக் கொண்டுபோனது.

மின்சாரத்தைப் பின்தொடர்தல்

ஆற்றில் வந்த அந்த மண் மின்சாரத்தோடும் தொடர்புடையது. கேமரன் மலையில் 1960களில் கட்டப்பட்ட ரிங்லெட் நீர்த்தேக்கம், மேலே காய்கறித் தோட்டங்களிலிருந்து அடித்துவரப்பட்ட மண்ணால் தூர்ந்து, தன் கொள்ளளவில் பெரும்பங்கை இழந்தது. மண் நிரம்பிய அணையில் நீர் நிற்காது. நீர் நில்லாத அணை மின்சாரம் தராது. புனல் மின்சாரம் தீராத வளம் என்று பாடப்புத்தகம் சொல்வது, மேலேயுள்ள காடு காடாக இருக்கும் வரையில்தான் உண்மை.

மின்கட்டண ரசீதை எடுத்து, சென்ற மாத யூனிட்டைப் பாருங்கள். எடுத்துக்காட்டாக 300 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதியை நிலக்கரியும் இயற்கை எரிவாயுவும் தருகின்றன. ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ அரை கிலோ நிலக்கரி எரிகிறது என்று கொண்டால், முழுவதும் நிலக்கரியிலிருந்து வந்திருந்தால், உங்கள் வீட்டுக்காக மாதம் சுமார் 150 கிலோ எரிந்திருக்கும். பெரிய அரிசி மூட்டை மூன்று. அந்த நிலக்கரி இந்தோனேசியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலில் வந்து, மஞ்சோங் போன்ற கடலோர நிலையங்களில் எரிகிறது. நம் மண்ணிலும் நிலக்கரி இருந்தது. சிலாங்கூரின் பத்து ஆராங்கில் 1915 முதல் 1960 வரை வெட்டினார்கள். நம் தமிழ்த் தொழிலாளர்களும் அங்கே உழைத்திருக்கிறார்கள். கோலகங்சாருக்கு அருகே எங்கோரிலும் சிறு படிவு ஒன்று இருக்கிறது. பழங்காலச் சதுப்புநிலத்து மரங்கள் காற்றுப் படாமல் புதைந்து, அழுத்தத்தில் கரியாக மாறிய இடங்கள் இவை.

இதே 300 யூனிட்டை நீரால் கணக்கிட்டுப் பாருங்கள். நூறு மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஒரு கன மீட்டர் நீர், சுழலியில் ஏற்படும் இழப்பு போக, ஏறத்தாழ கால் யூனிட் மின்சாரம் தரும். ஆகவே ஒரு யூனிட்டுக்கு நான்கு கன மீட்டர், 300 யூனிட்டுக்கு 1,200 கன மீட்டர். அதாவது 12 லட்சம் லிட்டர். முன்பு சொன்ன கூரை மழைபோல் ஆயிரம் கூரைகளின் நீர் நூறு மீட்டர் இறங்கினால்தான் ஒரு வீட்டின் ஒரு மாத விளக்கு எரியும். பேராக் ஆற்றில் தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங், செண்டெரோ என நான்கு அணைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக ஏன் கட்டினார்கள் என்பதற்கு விடை இதில் இருக்கிறது: விழுந்த நீரையே மீண்டும் விழவைத்து, நான்கு முறை வேலை வாங்குகிறார்கள். இவற்றில் மூத்தது 1930இல் இயங்கத் தொடங்கிய செண்டெரோ. அதன் மின்சாரம் அன்று முதன்மையாக ஈயச் சுரங்கங்களுக்குப் போயிற்று.

வெயிலைக் கணக்கிடுவது எளிது. நம் நாட்டில் ஒரு கிலோவாட் சூரியத் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக மூன்றரை யூனிட் அளவுக்குத் தரும். 300 யூனிட் வீட்டுக்கு ஏறத்தாழ மூன்று கிலோவாட் போதும். அதற்கு அந்த லயத்து வீட்டுக் கூரையில் பாதிகூடத் தேவைப்படாது. இரவிலும் மழை மேகத்திலும் அது பயன் தராது என்பதையும் அதே வரியில் எழுதிவிட வேண்டும். 2023இல் அரசு வெளியிட்ட எரிசக்தி மாற்றத் திட்டவரைவு, 2050க்குள் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. பகலில் வெயிலும், மாலையில் அணைநீரும் என்று இரண்டையும் சேர்த்து நடத்தினால் அதை நெருங்கலாம் என்பது என் கருத்து.

உர மூட்டையும் செம்பனை ஆலையும்

செம்பனைத் தோட்டத்தில் காலியான உர மூட்டை கிடந்தால், அதன்மேல் 12-12-17-2 என்பதுபோல் அச்சிட்டிருக்கும் எண்களைப் பாருங்கள். அவை முறையே நைட்ரஜன், பாஸ்பேட், பொட்டாஷ், மக்னீசியம் ஆகியவற்றின் விழுக்காடு. நைட்ரஜன் காற்றிலிருந்து வந்தாலும், அதைப் பிடித்து உரமாக்க இயற்கை எரிவாயு செலவாகிறது. பாஸ்பேட் கல்லை முற்காலத்தில் கிறிஸ்துமஸ் தீவிலிருந்து கொண்டுவந்தார்கள். பொட்டாஷ், கனடா போன்ற தொலைநாடுகளில், பழங்காலக் கடல் வற்றிப் படிந்த உப்பு. செம்பனை 25 ஆண்டில் மீண்டும் வளரும் வளந்தான். ஆனால் அது நிற்பது மீண்டும் வளராத மூன்று வளங்களின்மேல். நோட்டில் செம்பனைக்கு ஒரு வரி போதாது. ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

ஆலைக்குள் போகும் ஒரு டன் செம்பனைப் பழக்குலையிலிருந்து சுமார் 200 கிலோ எண்ணெய் கிடைக்கிறது. அதைவிடச் சற்றுக் கூடுதலாக வெற்றுக் குலை மிஞ்சுகிறது. பழ நாரையும் கொட்டை ஓடுகளையும் கொதிகலனில் எரித்தே பெரும்பாலான ஆலைகள் தமக்கு வேண்டிய நீராவியையும் மின்சாரத்தையும் பெறுகின்றன, இது பாராட்டத்தக்கது. குறை, கழிவுநீர்க் குட்டையில் இருக்கிறது. காற்றில்லாமல் அழுகும் அந்த நீரிலிருந்து மீத்தேன் எழும்புகிறது. கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. குட்டையை மூடி, மீத்தேனைப் பிடித்து எரித்தால், அதே கேடு மின்சாரமாகிறது. உங்கள் வட்டாரத்து ஆலையில் மூடிய குட்டை இருக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள். வெற்றுக் குலையை மரத்தடியில் பரப்பியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். பொட்டாஷில் ஒரு பகுதி அப்படித்தான் மண்ணுக்குத் திரும்புகிறது.

நோட்டைப் பாதுகாத்தல்

பென்சிலால் எழுதுங்கள், பேனா மை நம் ஈரக்காற்றில் பரவி மங்கிவிடும். தவறாக எழுதியதை அழிக்காமல், ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதுங்கள். ஒவ்வொரு மாத இறுதியிலும் பக்கங்களைக் கைப்பேசியில் படம் எடுத்து, ஊரிலில்லாத உறவினர் ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள். ஆண்டு முடிந்ததும் நகல் ஒன்றைத் தமிழ்ப்பள்ளி நூலகத்தில் கொடுத்துவிடுங்கள். ஒரே இடத்தில் இருக்கும் பதிவேட்டுக்கு என்ன நேரும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வெளியூர் போகும் நாள்களில் மழையைப் பார்த்து எழுதப் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருவரைப் பழக்குங்கள். அவராலும் பார்க்க முடியாத நாளுக்குச் சைபர் எழுதக் கூடாது. சிறு கோடு மட்டும் போட்டு, பக்கத்தில் "பார்க்கவில்லை" என்று எழுதுங்கள்.